ஊர்க் காணொளியை எங்கே வைப்பது? யூடியூப், முகநூல், டிக்டொக், வட்ஸ்அப்: திருகோணமலையிலிருந்து ஓர் ஒப்பீடு

கடந்த இரண்டு மாதங்களில் ஒரே கேள்வி மூன்று வீடுகளிலிருந்து வந்தது.

தம்பலகாமத்தில் ஒரு கோவில் பரிபாலன சபையில் இருக்கும் ஐயா கேட்டார்: "திருவிழாவை நேரலையாகக் காட்டச் சொல்லிக் கனடாவில் இருக்கும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முகநூலில் விடுவதா, யூடியூப்பில் விடுவதா?" உப்புவெளியில் கரைவலை இழுக்கும் குடும்பத்துத் தம்பி ஒருவர் வலை வளைப்பது முதல், மீன் சேரும் வலைப்பையான மடி கரையேறுவது வரை கைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறார். டிக்டொக்கில் போட்டால் பெயர் வரும் என்கிறார்கள் நண்பர்கள். யூடியூப்பில் போட்டால் பணம் வரும் என்கிறார் மச்சான். மூன்றாவதாக, சம்பூரைச் சேர்ந்த ஓர் ஆசிரியை. 2006 இல் போரால் ஊரைவிட்டு ஓடியது, முகாம்களில் கிடந்தது, பல ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்து காடு மூடிய வளவில் சொந்தக் கிணற்றைத் தேடியது எல்லாவற்றையும் அவருடைய அம்மம்மா நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார். "குடும்ப வட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிடட்டுமா அண்ணா?" என்பது அவருடைய கேள்வி.

இந்த மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் அது மூவருக்கும் பொருந்தாது. ஆகவே நான்கு தளங்களையும் வரிசையாக எடுத்துப் பார்க்கிறேன். ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். அதை யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

யார் பார்க்க வேண்டும் என்பது முதல் அளவுகோல். குடும்பமா, புலம்பெயர்ந்த ஊரவரா, தமிழ்நாட்டு வாசகரா, முன்பின் தெரியாத இளைஞரா?

எத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. என் கணக்கில் இதற்கே அதிக எடை. அடுத்த வாரம் மறந்துபோகும் ஒன்றுக்கும் பேரப்பிள்ளை தேடப்போகும் ஒன்றுக்கும் ஒரே இடம் சரிவராது.

தேடினால் அகப்படுமா என்பது மூன்றாவது. "வெருகல் திருவிழா" என்று தமிழில் தட்டினால் அது வந்து நிற்க வேண்டுமா, அல்லது தற்செயலாகக் கண்ணில் பட்டால் போதுமா?

நான்காவது செலவு. டேட்டாவும் நேரமும் இதில் அடங்கும். வருமானம் வருமானால் அதுவும் இங்கேதான் கணக்கில் வரும்.

ஐந்தாவது, படத்தில் இருப்பவரின் சம்மதம். நம் ஊரில் இதைக் கேட்கும் பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

## யூடியூப்

சற்றுப் பின்னே போய்த் தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தத் தளத்தின் பிறப்பில் நம் கடலுக்கும் ஒரு பங்கு உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று பேரலை வந்தபோது, ஆசியக் கரைகளில் நின்றிருந்த சாதாரண மனிதர்கள் தங்கள் சிறிய கமெராக்களில் எடுத்த படங்களே உலகத் தொலைக்காட்சிகளில் ஓடின. ஆனால் அவற்றை இணையத்தில் தேடி எடுத்துப் பார்ப்பது பெரும்பாடாக இருந்தது. யூடியூப்பைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஜாவேத் கரீம், அந்தத் தட்டுப்பாடு தங்களுக்கு யோசனை தந்தவற்றுள் ஒன்று என்று பின்னர் சொல்லியிருக்கிறார். 2005 ஏப்ரல் 23 அன்று அவர் ஏற்றிய முதற்காணொளி 19 விநாடிதான்: மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று அவர் பேசுகிறார். மறு ஆண்டே கூகுள் அந்த நிறுவனத்தை 165 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது.

நிலாவெளியிலும் உப்புவெளியிலும் மூதூரிலும் அன்று காலை நடந்தவற்றில் படமாக எஞ்சியது எவ்வளவு என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். கமெரா வைத்திருந்தவர் குறைவு. எடுத்ததைப் போட்டுவைக்க ஓர் இடமும் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் நம் ஊர் திரையில் தெரிய வேண்டுமானால் கொழும்பிலிருந்து படப்பிடிப்புக் குழு வர வேண்டும். மற்றபடி இருந்தவை கலியாணக் கேசட்டுகள். டெக்கும் தொலைக்காட்சியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே முற்றத்தில் பாய் விரித்துப் பார்த்த தலைமுறை எங்களுடையது. பார்ப்பவராக மட்டும் இருந்த நாங்கள் இருபது ஆண்டுகளுக்குள் எடுப்பவராகவும் ஒளிபரப்புபவராகவும் ஆகிவிட்டோம். எதை எங்கே வைப்பது என்ற கேள்வியே அந்த மாற்றத்தால் வந்ததுதான்.

இனி அளவுகோலுக்கு வருவோம். நீடிப்பதிலும் தேடலிலும் யூடியூப்பை மற்ற மூன்றும் நெருங்க முடியாது. பத்தாண்டுகளுக்கு முன் ஏற்றிய காணொளியும் இன்று ஒருவர் தேடும்போது மேலே வரும். தொலைபேசி இலக்கத்தை உறுதிசெய்யும் வரை 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது. உறுதிசெய்துவிட்டால் 12 மணி நேரம் வரை இடமுண்டு. தலைப்பைத் தமிழிலேயே எழுதுங்கள்: ஊர்ப் பெயர், கோவில் பெயர், ஆண்டு மூன்றும் இருக்க வேண்டும். "அருமையான காட்சி பாருங்கள்" என்று தலைப்பிட்டதை நாளை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

கரைவலைத் தம்பிக்கு மச்சான் சொன்ன பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் இங்கேதான் காத்திருக்கிறது. விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர் வேண்டும். அதோடு 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாளில் குறுங்காணொளிகளை ஒரு கோடி முறை பார்த்திருக்க வேண்டும். 4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்ப்பார் என்று வைத்தால் 60,000 பார்வைகள். அதைத் தாண்டிய பிறகு, நீண்ட காணொளிகளின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் எடுத்தவருக்கு. 10 டொலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஓர் இரகசிய இலக்கம் தபாலில் வரும். எனவே வீட்டு முகவரியைத் தபால்காரருக்குப் புரியும்படி கொடுத்து வையுங்கள். 100 டொலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். விளம்பரத்தின் விலை பார்ப்பவர் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து பார்ப்பவர்கள் அதனால் முக்கியம்.

மறைந்திருக்கும் செலவு ஒன்றும் உண்டு. பின்னணியில் சினிமாப் பாட்டைப் போட்டால் தளத்தின் தானியங்கிக் கருவி அதை அடையாளம் கண்டுவிடும். வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம், காணொளியே முடக்கப்படவும் கூடும். தம்பி, உங்களுக்கு அந்தப் பாட்டு எதற்கு? வலை இழுக்கும்போது பெரியவர்கள் அம்பா பாடுகிறார்களே, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிப் பாடுகிறார்களே, அந்த ஒலியை அழித்துவிட்டா சினிமாப் பாட்டைப் போடப்போகிறீர்கள்? அதைப் பாடத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். காற்று இரைச்சலும் அலைச் சத்தமும் கலந்து, முழுமையாக, வெட்டாமல் அதை ஏற்றுங்கள். உங்கள் பதிவுக்கு யூடியூப்தான் வீடு. பணம் வந்தாலும் வராவிட்டாலும்.

ட்ரோன் பறக்கவிட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளைப் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள். இது கடற்படைத் தளமும் சீனக்குடா விமானப்படைத் தளமும் உள்ள ஊர். கோணேஸ்வரத்துக்குப் போகும் வழியே பிரட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாமைக் கடந்துதான் போகிறது.

## முகநூல்

கோவில் ஐயாவின் கேள்வி இங்கே வருகிறது. சிவராத்திரியை அடுத்துக் கோணேசர் நகர்வலம் வரும் இரவுகளில் முகநூலைத் திறந்து பாருங்கள். ஒரு தெருவிலிருந்து யாரோ நேரலை விட, பாரிஸில் இருக்கும் மாமி "எங்கள் வீட்டு வாசல் தெரிகிறதா?" என்று எழுதுகிறார். இந்த உடனடி உறவை வேறு எந்தத் தளமும் இவ்வளவு இயல்பாகத் தருவதில்லை. நாற்பது வயதைத் தாண்டிய ஊரவர் அங்கேதான் இருக்கிறார்கள். புதிய சந்தா, புதிய செயலி என்று அவர்களுக்குப் படிப்பிக்க வேண்டியதில்லை. யூடியூப்பில் கைபேசியிலிருந்து நேரலை விட முதலில் 50 சந்தாதாரர் வேண்டும். முதன்முறை அந்த வசதி திறக்க ஒரு நாள் வரை ஆகலாம். கொடியேற்றத்தன்று காலையில் இதைக் கண்டுபிடித்துத் தவித்தவர்களை எனக்குத் தெரியும். முகநூலிலும் கணக்குத் தொடங்கி 60 நாளும் 100 பின்தொடர்வோரும் வேண்டும் என்பதால், திருவிழாவுக்கென்று புதுப் பக்கம் திறப்பதானால் இரண்டு மாதம் முன்பே திறந்துவிடுங்கள்.

ஆனால் ஐயா, ஒன்றைக் கட்டாயம் மனத்தில் வையுங்கள். 2025 பெப்ரவரி 19 முதல் முகநூல் நேரலைகள் 30 நாள் மட்டுமே அங்கே இருக்கும். அதன்பின் தாமாக அழிந்துவிடும். முன்பு பல ஆண்டு இருந்ததால் இப்போதும் இருக்கும் என்று நம்பியிருக்கும் சபைகள் பல. தீர்த்தம் முடிந்த மறுநாளே பதிவைத் தரவிறக்கி யூடியூப்பில் ஏற்றும் பொறுப்பை ஒருவரிடம், பெயர் குறிப்பிட்டு, கூட்டக் குறிப்பேட்டில் எழுதி ஒப்படையுங்கள்.

டேட்டாக் கணக்கையும் பாருங்கள். விநாடிக்கு 2.5 மெகாபிட் வீதம் அனுப்பினால் மணிக்கு 1.1 கிகாபைட் அளவில் செலவாகும். நான்கு மணி நேரத் தேர் என்றால் நாலரை கிகாபைட். அதைவிடப் பெரிய சிக்கல், சனம் கூடும் இடத்தில் எல்லோருடைய கைபேசியும் ஒரே கோபுரத்தை இழுப்பது. தேர் அசையும் நேரத்தில்தான் படம் உறையும். பக்கத்து வீட்டின் நிலையான இணைப்பை அன்றைக்குக் கேட்டு வாங்குவது நல்லது.

முகநூலின் மிகப் பெரிய மறைசெலவு கருத்துப் பெட்டி. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் ஊர் இது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய்யும், மிரட்டப்பட்ட நிலையில் ஒருவர் தலையாட்டும் காணொளியும் எப்படிப் பரவின, எதில் போய் முடிந்தன என்பதை நாம் மறக்கவில்லை. மார்ச்சில் கண்டிக்கு அருகே திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. கோவில் நேரலைக்குக் கீழே ஒருவர் பக்கத்து ஊரைப் பழித்து எழுதினால், அதைப் பத்து நிமிடத்துக்குள் நீக்க ஆள் இருக்கிறாரா? இல்லையென்றால் கருத்துகளைப் பின்தொடர்வோருக்கு மட்டும் திறந்துவிடுங்கள். இணையத்தில் பொய்க் கூற்றுகளைப் பரப்புவோரைத் தண்டிக்கும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் 2024 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது.

## டிக்டொக்

சீனாவில் 2016 இல் தொடங்கி, மறு ஆண்டு வெளிநாடுகளுக்கு வந்து, 2018 ஆகஸ்டில் மியூசிக்கலி என்ற குறுங்காணொளிச் செயலியோடு இணைந்து பெருத்த தளம். உங்களை ஒருவருக்கும் தெரியாவிட்டாலும் உங்கள் காணொளியை முன்பின் அறியாத சிலர் முன் வைத்துப் பார்க்கும். அவர்கள் நின்று பார்த்தால் இன்னும் பலர் முன் வைக்கும். பழைய தளங்களில் உங்களைப் பின்தொடர்பவர் இருந்தால்தான் பார்வை. இங்கே அந்த வரிசை குலைந்தது. அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் குறுங்காணொளிக்கு ஓடினார்கள்.

நிலாவெளியில் இரண்டு அறை விடுதி நடத்துகிறவர், புறாத்தீவுக்குப் படகு ஓட்டுகிறவர், கேக் செய்து விற்கும் பிள்ளை ஆகியோருக்கு இது முதல் தெரிவு. முப்பது விநாடியில் காட்டக்கூடியதை விற்கிறீர்கள், பார்ப்பவர் இளையவர், அடுத்த மாதம் அந்தக் காணொளி மறைந்தாலும் நட்டமில்லை.

மற்றவர்கள் யோசிக்க வேண்டும். 2020 ஜூன் 29 அன்று இந்தியா இச்செயலியைத் தடைசெய்தது. இலட்சக்கணக்கில் பின்தொடர்வோரைச் சேர்த்திருந்த தமிழ்நாட்டுக் கலைஞர்கள் பலர் ஓர் இரவில் வெறுங்கையோடு நின்றார்கள். இன்றும் நீங்கள் டிக்டொக்கில் இடுவது தமிழ்நாட்டைப் போய்ச் சேராது. தமிழில் பேசுகிறவருக்கு இது சிறிய இழப்பு இல்லை. பார்வைக்குப் பணம் தரும் அவர்களுடைய திட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. ஆறு விநாடிக் காணொளிகளுக்கென்று 2013 இல் வந்த வைன், நான்கு ஆண்டு முடிவதற்குள் மூடப்பட்டதையும் நினைத்துப் பாருங்கள்.

கரைவலைத் தம்பி இங்கே வர வேண்டியது ஒரு துண்டோடு மட்டும்: மடி கரையேறி மீன் துள்ளும் இருபது விநாடி, கீழே "முழுப் பதிவு யூடியூப்பில்" என்ற வரி.

## வட்ஸ்அப்

பிறந்தநாள், சாமத்திய வீடு, மரணச் சடங்கு: இவற்றுக்கு வட்ஸ்அப் போதும். சடங்கு வீட்டில் முகத்தைக் கிட்டக் காட்டி எடுத்ததை முகநூலில் ஏற்றும் வழக்கத்தை நான் வெறுக்கிறேன். அது அந்தக் குடும்பத்தின் துயரம், ஊரின் காட்சிப்பொருள் ஆகக்கூடாது. வர முடியாத பிள்ளைக்கு நேரடியாக அனுப்புங்கள், போதும்.

அனுப்பும்போது படம் சுருங்கித் தரம் குறையும். மூலத் தரத்தோடு போக வேண்டுமானால் "ஆவணம்" என்ற வழியில் அனுப்புங்கள். 2 கிகாபைட் வரை போகும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறையும். காப்புப் பிரதி எடுத்திராத ஒரு கைபேசி கடலில் விழுந்தால் அதிலிருந்த எல்லாம் போகும்.

பலர் கவனிக்காத ஒன்று: முன்னனுப்பப்படும் காணொளி தன் பெயரையும் நாளையும் இழந்துவிடுகிறது. யார் எடுத்தது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எதுவும் கூடப் போவதில்லை. 2019 முதல் ஒரு தடவைக்கு ஐந்து உரையாடல்கள் என்றும், பலமுறை முன்னனுப்பப்பட்டவற்றுக்கு 2020 முதல் ஒன்றே ஒன்று என்றும் அந்த நிறுவனம் கட்டுப்பாடு வைத்தது. வேகம் குறைந்தது, பெயர் இழப்பது குறையவில்லை. "குடும்பக் குழு" என்று நாம் நம்பும் வட்டத்தில் நாற்பது பேர் இருந்தால், வாசல் நாற்பது.

## பக்கம் பக்கமாக

| | எத்தனை காலம் | தேடலில் வருமா | யாரைச் சேரும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| யூடியூப் | பல ஆண்டு | நன்றாக வரும் | புலம்பெயர்ந்தோர், தமிழ்நாடு, ஊர் | பாட்டு உரிமை, வருமானத்துக்கான நீண்ட காத்திருப்பு |
| முகநூல் | நேரலை 30 நாள் | அரிது | ஊரவர், மூத்தோர் | கருத்துச் சண்டை, கண்காணிக்க ஆள் |
| டிக்டொக் | சில நாள் கவனம் | குறைவு | உள்ளூர் இளையோர், அறியாதவர் | தமிழ்நாடு இல்லை, பணம் இல்லை |
| வட்ஸ்அப் | கைபேசி உள்ளவரை | வராது | குடும்பம் | தரம் குறைதல், கைமாறுதல் |

## கேட்காத தெரிவு: வீட்டில் ஒரு மூலப் பிரதி

மேலே சொன்ன நான்கும் வாடகை வீடுகள். மைஸ்பேஸ் தளம் 2003 முதல் 2015 வரை மக்கள் ஏற்றிய பாடல்களை, ஐந்து கோடிக்கு மேற்பட்டவற்றை, இடமாற்றத்தில் தொலைத்துவிட்டதாக 2019 இல் ஒப்புக்கொண்டது. நம் நாட்டிலும் 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று பலமுறை சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. வீடும் பாதுகாப்பானது என்று சொல்லமாட்டேன். வெருகல் திருவிழாவில் நான் எடுத்த மூன்று நாள் பதிவு ஒரே வன்தட்டில் இருந்தது. அது மேசையிலிருந்து விழுந்த அன்றே எல்லாம் போயிற்று. அந்த ஆண்டு காவடி எடுத்த இரண்டு பெரியவர்கள் இப்போது உயிரோடு இல்லை. கடற்காற்று படும் வீட்டில் உப்பும் ஈரமும் மின்பொருளை அரிக்கும். ஆகவே இரண்டு வன்தட்டு, இரண்டு வீட்டில். முடிந்தால் ஒன்று வேறு ஊரில். கோப்பின் பெயரிலேயே ஆண்டு, ஊர், நிகழ்வு இருக்கட்டும்.

பொது மதிப்புள்ள பதிவாயின் 'நூலகம்' என்ற இணையத் திட்டத்தையும் நினையுங்கள். ஈழத்துத் தமிழ் எழுத்துகளை எண்ணிமப்படுத்த 2005 இல் தொடங்கிய அந்தத் தன்னார்வத் திட்டம், ஆவணகம் என்ற தன் தளத்தில் ஒலி, ஒளிப் பதிவுகளையும் சேர்க்கிறது. விளம்பரம் இல்லை, விருப்பக்குறி இல்லை. யார் பேசுகிறார், எங்கே, எப்போது என்ற விவரங்களோடு வைக்கப்படுவதால் ஆய்வாளருக்கும் பேரப்பிள்ளைக்கும் பயன்படும். கரைவலை அம்பாவுக்கும் இது பொருந்தும்.

சம்பூர் அம்மம்மாவின் நாற்பது நிமிடத்துக்கு நான் சொன்ன வழி இது: குழுவில் அனுப்ப வேண்டாம். முதலில் மூலக் கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். பிறகு அவரை அருகே இருத்தி முழுவதையும் போட்டுக்காட்டுங்கள். பேசும்போது யார் யாருடைய பெயரையோ சொல்லியிருப்பார். அவர்களில் சிலர் இன்னும் அங்கேயே வாழ்கிறார்கள். எது வீட்டுக்குள், எது ஊருக்கு, எது எல்லோருக்கும் என்று அவரே பிரிக்கட்டும். வீட்டுக்குரியதை யூடியூப்பில் ஏற்றினாலும் "தனிப்பட்டது" என்று குறித்து, மின்னஞ்சலால் அழைத்தவர் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். "பட்டியலிடப்படாதது" போதாது, இணைப்புக் கிடைத்த எவரும் அதைப் பார்க்கலாம்.

போன வாரம் ஆசிரியை மறுபடி எழுதியிருந்தார். அம்மம்மா முழுவதையும் இரண்டு முறை கேட்டாராம். இரண்டு பெயர்களை எடுத்துவிடச் சொன்னாராம். முகாமில் நடந்த ஒன்றைப் பிள்ளைகள் மட்டும் கேட்கட்டும் என்றாராம். கிணற்றைக் கண்டுபிடித்த பகுதியை மட்டும், தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் போட்டு, உலகத்துக்கே காட்டச் சொன்னாராம்.